பழைய எழுத்துருவுக்கு ஒரு வாசகர்

நான் செய்துவந்த தொழிலை எங்கள் ஆட்களுக்கு விளக்குவது கஷ்டம். ஒரு இணையத்தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்த நாட்டிலிருந்து வந்தார்கள், எந்தப் பக்கத்தில் நின்றார்கள், எங்கே சலித்துப்போய் வெளியேறினார்கள் என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் யூனியன்வில்லில் அலுவலகம். சட்டி பானை விற்கிறவர்களுக்கும் காப்புறுதி விற்கிறவர்களுக்கும் என் அறிக்கைகள் போகும். கலியாண வீடுகளில் அன்ரிமார் யாராவது என்ன வேலை என்று கேட்டு, நானும் பொறுமையாக விளக்கிவிட்டால், "அப்ப ஆக்களை எண்ணுறதுக்கோ உனக்குச் சம்பளம் தருகினம்?" என்பார்கள். ஓம், அதற்குத்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

சனிக்கிழமைகளில் இதே வேலையை ஓசியில் செய்தேன். மோர்னிங்சைட்டில் ஒரு அண்ணை தன் வீட்டு பேஸ்மென்றில் தமிழ் இணையத்தளம் ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். செய்தி, கட்டுரை, சினிமா, ராசிபலன் எல்லாம் இருக்கும். ஆனால் சனம் வந்தது மரண அறிவித்தல் பார்க்க. இது நான் குத்துமதிப்பில் சொல்வதல்ல, எண்கள் சொன்னது. காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு கொம்பியூட்டரைத் திறக்கிற எங்கள் ஆள் முதலில் பார்ப்பது யார் செத்தது என்பதைத்தான். பிறந்த ஊர், வசித்த நாடு, இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் ஆசைச் சகோதரன், கிரியை எங்கே, தகனம் எங்கே. அதைப் படித்து முடித்த பிறகுதான் உலகச் செய்தி.

அந்த அறிவித்தல்களைத் தட்டச்சு செய்தவள் ஒரு பிள்ளை. பிள்ளை என்று நான் சொன்னாலும் முப்பது வயது தாண்டியவள். டோர்செட் பார்க்கில் என் கட்டடத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு அறை எடுத்து இருந்தாள். கிழமை நாட்களில் தொழிற்சாலையொன்றில் பெட்டி அடுக்குவாள். மாலையிலும் சனி ஞாயிறிலும் இந்த பேஸ்மென்றில் தட்டச்சு. சனிக்கிழமை நான் போகும்போது அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு போவேன். அவள் வெளியே பார்த்தபடி பேசாமல் வருவாள். நான்தான் வாய் ஓயாமல் அரசியல்வாதிகளையும் முன்னால் போகிற கார்க்காரனையும் திட்டிக்கொண்டு ஓட்டுவேன்.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு தம்பி. தாய் தகப்பன் நேரத்தோடு போய்விட்டார்கள். அவனை வளர்த்தது அவள்தான். இவள் கனடாவுக்கு வந்துவிட, அவன் கிளிநொச்சியில் நின்றுவிட்டான். அங்கே பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பித்தான். சண்டை நெருங்கியபோது சனத்தோடு சனமாகக் கிழக்கே நகர்ந்து, போன இடத்தில் ஒரு அலுவலகத்தின் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். அங்கே ஒரு ஜெனரேற்றரும் சட்டலைட் இணைப்பும் இருந்தன. அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதுதான் அந்த வருடம் முழுவதும் அவளுடைய ஒரே கேள்வி. அதைத்தான் நான் சொல்ல வந்தேன். எழுத்துரு விவகாரம் இதற்குள் எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் இணையத்தில் தமிழ் இரண்டு கட்சியாக நின்றது. ஒன்று பாமினி. அந்த எழுத்துருவைக் கொம்பியூட்டரில் ஏற்றி வைத்திருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பை தெரியும். ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான், மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும். மற்றது யூனிகோட். ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் ஒரே இலக்கம். எதையும் ஏற்ற வேண்டாம், தேடினால் அகப்படும். ஆனால் பழைய கொம்பியூட்டரில் அது பெட்டி பெட்டியாகத் தெரியும். இரண்டுக்கும் ஆட்கள் இருந்தார்கள், கோயில் நிர்வாகசபைத் தேர்தல் மாதிரிச் சண்டை பிடித்தார்கள். எங்கள் அண்ணை யாரையும் பகைக்க விரும்பாதவர். ஆகவே தளத்தை இரண்டு பிரதியாக வைத்திருந்தார். பழையதில் ஒரு முறை, புதியதில் ஒரு முறை, எல்லாவற்றையும் இரண்டு தரம் ஏற்ற வேண்டும். மனுசனுக்கு இடுப்பு முறிந்தது.

"தங்கச்சி, உம்மடை எண்ணுற வேலையாலை ஒரு முடிவு சொல்லும்," என்று ஒரு நாள் கேட்டார். "சனம் எதைப் பாக்குது? பாக்காததைப் பூட்டிப்போடுவம்."

நான் யூனிகோட் கட்சி. நடுநிலை என்றெல்லாம் நடிக்கவில்லை. செத்தவரின் பெயரை அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் நோர்வேயிலிருந்து தேடினால் பழைய எழுத்துருவில் ஒருநாளும் அகப்படாது. அப்படியொரு தமிழை எதற்குக் கட்டி அழவேண்டும் என்பது என் வாதம். இரண்டு பிரதிக்கும் தனித்தனியாக எண்ணும்படி செய்துவைத்தேன். கிழமைக்குக் கிழமை பழையது இறங்கி, புதியது ஏறிக்கொண்டு வந்தது. எனக்குச் சந்தோசம் தாங்காத புளுகம். இன்னும் ஆறு மாதம், பிறகு பூட்டலாம் என்று அண்ணைக்குச் சொன்னேன்.

அன்று திரும்பி வரும்போது அவள் காரில் வாய் திறந்தாள்.

"அக்கா, பழசைப் பூட்டாதையுங்கோ. தம்பியாக்களின்ரை கொம்பியூட்டரிலை பழசு மட்டும்தான் தெரியும்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"போன கிழமை ரெலிபோன் எடுத்தவன். ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஒருக்கால் எங்கடை பக்கத்தைத் திறக்கிறவனாம். ஆர் செத்தது எண்டு பாக்க இல்லையாம். நான் அடிச்சது எண்டு பாக்கவாம்."

அது மார்கழி மாதம். அவன் கடைசியாக எடுத்த தொலைபேசி அதுதான். அப்போது எங்களுக்கு அது தெரியாது.

அடுத்த சனிக்கிழமை எண்களுக்குள் அவனைத் தேடிப் பார்த்தேன். சட்டலைட் இணைப்பென்றால் அறிக்கையில் நாடு சரியாக வராது. அந்தச் சட்டலைட் கொம்பனி எந்த நாட்டில் பதிந்திருக்கிறதோ அந்த நாட்டின் பெயர் வரும். ஒரு ஐரோப்பிய நாட்டின் பெயருக்கு நேரே ஒரு வரி இருந்தது. பழைய பிரதி, மரண அறிவித்தல் பக்கம், வன்னி நேரப்படி மத்தியானம், ஒவ்வொரு நாளும். அந்தக் கொம்பனியின் பெயரில் வேறொரு வரியும் இல்லை. அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். விரலை அந்த வரியின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். திரையில் விரல் அடையாளம் படும் என்று வேறு யாராவது என்றால் ஏசியிருப்பேன்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை வந்தவுடன் ஜக்கெற்றைக் கழற்ற முன்னமே, "வந்தவனோ?" என்பாள். நான் திறந்து பார்த்து, "ஓம், வெள்ளிக்கிழமை வரைக்கும் வந்திருக்கிறான்," என்பேன். அதற்குப் பிறகுதான் அவள் கதிரையில் இருப்பாள். கிழமை நடுவிலும் என் அலுவலகத்துக்கு எடுத்துக் கேட்கத் தொடங்கினாள். எனக்கு அது தொந்தரவாக இருக்கவில்லை. என் எண்ணுகிற வேலையை மதித்துக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

தை பிறந்தது. சண்டை இறுகியது. எங்கள் தளத்துக்கு வந்த கூட்டத்தை நான் அதற்கு முதலும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. வரைபடம் சுவரில் ஏறுகிற மாதிரி ஏறியது. சென்னையிலிருந்து வந்து எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் வேலை செய்த ஒருவர், மத்தியானச் சாப்பாட்டு நேரம் என் திரையை எட்டிப் பார்த்தார். நல்ல மனுசன், எதையும் தொழிலாகப் பார்க்கிற பழக்கம்.

"என்னங்க, உங்க சைட்டுக்குத் திடீர்னு இவ்வளவு கூட்டம்? என்ன விளம்பரம் பண்ணீங்க?"

"சனம் சாகுது," என்றேன்.

அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு தொழிலுக்கே திரும்பி வந்து, "இந்த மாதிரி நேரத்துல திறந்த பக்கத்தை எண்ணாதீங்க, ஆளை எண்ணுங்க. ஒரே ஆள் பதறிப்போய் நூறு தடவை திறந்தா நூறு பேர் இல்லையே," என்றார். எனக்குத் தெரியாததா? ஆனால் ஆளை எண்ணினாலும் சரி வரவில்லை. ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்ற் வீட்டு ஹோலில் ஒரு கொம்பியூட்டருக்கு முன்னால் எட்டுப் பேர் நின்று பார்த்தால் அது என் கணக்கில் ஒரு ஆள். நித்திரையில்லாமல் ஒரு ஆள் வேலைத்தலத்திலும் வீட்டிலும் மச்சான் வீட்டிலும் திறந்தால் அது மூன்று ஆள். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பொய் சொல்கிற எண்கள்.

இன்னொன்றும் நடந்தது. இறங்கிக்கொண்டு வந்த பழைய எழுத்துரு திடீரென்று ஏறத் தொடங்கியது. அதுவரைக்கும் கொம்பியூட்டரைத் தொடாத கிழடுகள் எல்லாம் பிள்ளைகளிடம் திறந்து தரச் சொல்லிக் கேட்டார்கள். பிள்ளைகள் எப்போதோ ஏற்றிவைத்த பாமினியைத் திறந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். என் ஆறு மாதக் கணக்குச் சரிந்தது. எனக்குச் சரியான கோபம். ஊரில் சனம் சாகிறது, நான் என் கட்சி தோற்கிறதென்று புறுபுறுத்துக்கொண்டு இருந்தேன். மனிச மனம் அப்படித்தான் வேலை செய்கிறது, என்ன செய்ய.

தம்பியின் தொலைபேசி வரவில்லை. தெரிந்தவர்களின் தெரிந்தவர்கள் மூலம் விசாரித்தும் ஒன்றும் வரவில்லை. அந்த வரி மட்டும் வந்தது. இரண்டு மூன்று நாள் வராது, அவள் உடைந்துபோவாள். பிறகு வரும், அன்று மட்டும் சாப்பிடுவாள். மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அறிவித்தலுக்குக் கீழை அவனுக்கு ஒரு வசனம் போடலாமோ? அவன் பாத்தவுடனை அழுத்துற மாதிரி. அழுத்தினால் உங்களுக்குத் தெரியுமெல்லோ?"

தெரியும். சட்டி பானைக் கடைக்காரர்களுக்கு நான் நாள் முழுக்கச் செய்து கொடுக்கிற வேலை அது. எந்த இணைப்பை யார் அழுத்தினார்கள் என்று பார்ப்பது. ஆனால் ஒன்றை நேரே சொன்னேன்: "பிள்ளை, அழுத்தினது எண்டு மட்டும்தான் இது சொல்லும். ஆர் அழுத்தினது எண்டு சொல்லாது."

"அவன்தான் எண்டு எனக்குத் தெரியும்."

பழைய பிரதியில் மட்டும், மரண அறிவித்தல் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் அவள் ஒரு வரி அடித்தாள். "தம்பி, அக்கா கேக்கிறன். பாத்தால் இதை அழுத்து." அழுத்தினால் திறக்கிற பக்கத்தில் என்ன போடுவதென்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கவனமா இரு," என்று அடித்தாள். வெள்ளைப் பக்கத்தில் அந்த இரண்டு சொல் மட்டும்.

ஒருவன் அழுத்துவான் என்று நாங்கள் காத்திருந்தோம். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் நூற்றுக்கணக்கில் அழுத்தியிருந்தார்கள். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச், மெல்பேர்ண். எனக்கு வந்ததே ஆத்திரம். எழுதியிருப்பது யாருக்கோ, உங்களுக்கென்ன வேலை, எதைக் கண்டாலும் அழுத்துவதோ என்று தனியே இருந்து கத்தினேன். பிறகு அண்ணையின் முகவரிக்குக் கடிதங்கள் வந்தன. அவர் எனக்கு அனுப்பிவைத்தார். "எங்கடை தம்பியும் அங்கைதான்." "எனக்கு ரெண்டு தம்பி. அக்கா செத்திட்டா, நான் அழுத்தினால் பரவாயில்லையோ?" "ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முன்னம் அழுத்திப்போட்டுப் போறன், குறை நினைக்க வேண்டாம்." கடிதங்களைப் படித்த பிறகு நான் யாரையும் ஏசவில்லை.

அந்தக் கூட்டத்தை எல்லாம் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, சட்டலைட் வரியை மட்டும் தனியாகப் பார்க்கும்படி செய்தேன். செவ்வாய்க்கிழமை அந்த வரிக்கு நேரே ஒன்று விழுந்திருந்தது. பழைய பிரதி, மத்தியானம், அழுத்தியிருக்கிறது. தொழிற்சாலைக்கு எடுத்தேன். மேற்பார்வையாளன் அவளைக் கூப்பிட மாட்டேன் என்றான். வீட்டில் அவசரம் என்றேன். அவள் ஓடிவந்து எடுத்தாள், மூச்சு வாங்கியது.

"அழுத்தியிருக்கு," என்றேன்.

அந்தப் பக்கம் அழுகிற சத்தம். பெட்டி அடுக்குகிற மற்றப் பெண்கள் என்னவென்று கேட்கிற சத்தம். நானும் என் மேசையில் இருந்து அழுதேன். சென்னைக்காரர் ஒன்றும் கேட்காமல் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் அழுத்தியிருந்தது. பங்குனி, சித்திரை. புதுக்குடியிருப்பும் போய்விட்டது, சனம் கடற்கரைப் பக்கமாக ஒதுங்குகிறது என்று செய்தி வந்த நாட்களிலும் விழுந்தது. எங்கேயோ அந்தச் சட்டலைட் டிஷ்ஷையும் ஜெனரேற்றரையும் இழுத்துக்கொண்டு திரிகிறானே என்று அவள் தம்பியைப் பற்றிப் பெருமையாகக் கவலைப்பட்டாள். அறிவித்தல்களை இன்னும் கவனமாக அடித்தாள். அவன் பார்ப்பான் என்று எழுத்துப் பிழை வராமல் இரண்டு தரம் வாசித்தாள். ரொறன்ரோவில் சனம் வீதிக்கு இறங்கி நின்றது. கொடியும் பதாகையும் குழந்தை வண்டியுமாக எங்கே பார்த்தாலும் எங்கள் ஆட்கள். அவள் அங்கே ஒரு நாளும் வரவில்லை. பேஸ்மென்றில் இருந்தாள்.

அண்ணைக்கு நான் அப்போது ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பழைய எழுத்துருவின் ஏற்றம் நிலைக்காது, சண்டை முடிந்தால் விழும், எண்களை மட்டும் பார்த்தால் பூட்டுவதுதான் சரி என்று எழுதினேன். கடைசி வரியில், ஆனால் பூட்ட வேண்டாம், ஒரு வாசகர் இருக்கிறார் என்று எழுதினேன். அண்ணை வாசித்துவிட்டு மடித்துச் சேர்ட்டுப் பைக்குள் வைத்தார். "பூட்டேல்லை," என்று மட்டும் சொன்னார்.

வைகாசி தொடக்கத்தில் அந்த வரி நின்றுவிட்டது.

சில நாட்களில் போர் முடிந்ததென்று அறிவித்தார்கள். அன்று மொத்தத் தளமும் திணறி விழுந்தது, அவ்வளவு கூட்டம். அண்ணை தூக்கி நிறுத்த நிறுத்த விழுந்தது. பிறகு ஆவணி புரட்டாசிக்குள் கூட்டம் கரைந்துபோனது. சனம் பார்ப்பதை விட்டுவிட்டது. பார்க்க என்ன இருந்தது? கிழடுகள் திரும்பத் தொலைக்காட்சிக்குப் போனார்கள். அழுத்துகிறவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். பழைய எழுத்துரு நான் முதலில் சொன்ன இடத்துக்கும் கீழே போய்விட்டது. என் கணக்குச் சரியென்று நிரூபணமாகியது, அதை வைத்து எந்தக் குப்பைக்குள் போடுவது என்றுதான் தெரியவில்லை.

உயிர் தப்பிய சனத்தை அங்கே முகாம்களில் அடைத்து வைத்திருந்தார்கள், அவள் நம்பிக்கையை விடவில்லை. "முகாமிலை கொம்பியூட்டர் இல்லை அக்கா, அதாலைதான்," என்பாள். "சித்திரை முடியிறவரைக்கும் அழுத்தினவன். அவ்வளவு தூரம் வந்தவன் கடைசியிலை எங்கையாவது தப்பியிருப்பான்." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முகாமில் இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டு யார் யாருக்கோ எடுத்தாள். சனிக்கிழமைகளில் "வந்தவனோ?" என்று கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. நான் ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்துத்தான் இல்லை என்றேன். பார்க்காமலே சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் பனி கொட்டின ஒரு சனிக்கிழமை காலை, பேஸ்மென்றுத் தொலைபேசி அடித்தது. மரண அறிவித்தல் கொடுக்கிறவர்கள் அதற்குத்தான் எடுப்பார்கள், தளத்தின் அடியில் அந்த இலக்கம் இருக்கும். இரண்டு கையாலும் அடிக்க வேண்டுமென்பதால் அவள் எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுவிடுவாள். கேள்விகளை வரிசையாகக் கேட்டு, வருகிற பதிலைத் திருப்பிச் சொல்லிச் சொல்லி அடிப்பாள். அன்றும் அப்படித்தான் போட்டாள். ஆண்குரல், இளம் குரல், தூரத்து இரைச்சல்.

"வவுனியாவிலை இருந்து கதைக்கிறன். அங்கை அறிவித்தல் அடிக்கிற அக்கா நிக்கிறாவோ?"

அவள் கை விசைப்பலகையில் இருந்தது. எடுக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அவ இண்டைக்கு வரேல்லை தம்பி. நான் எழுதி எடுக்கிறன், சொல்லுங்கோ."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "அவ இல்லாததும் நல்லதுதான்," என்றான். "ஒரு மரண அறிவித்தல் போடவேணும்."

"பேர் சொல்லுங்கோ."

சொன்னான். அவள் திருப்பிச் சொன்னாள். அவள் குரலில் அந்தப் பெயரை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். நான் எழும்பி அவளிடம் போனேன். அவள் கையை உயர்த்தி என்னை நிற்கச் சொன்னாள்.

"பிறந்த இடம்?"

சொன்னான். அவள் திருப்பிச் சொன்னாள். தாய் தகப்பன் பெயரைக் கேட்டாள். அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. "அதைப் பிறகு நிரப்பலாம்," என்றாள். சகோதரங்கள் எத்தனை என்று கேட்டாள். "ஒரு அக்கா. கனடாவிலை." ஒரு அக்கா, கனடா என்று திருப்பிச் சொன்னாள்.

"எப்ப மோசம் போனவர்?"

"தை மாதம். கடைசிக் கிழமை. ஷெல் விழுந்தது. உடனை முடிஞ்சுது, வருத்தப்படேல்லை. நாங்கள்தான் கிடங்கு வெட்டித் தாட்டனாங்கள்."

தை என்று அவள் திருப்பிச் சொன்னாள். அடிக்கவில்லை. நாங்கள் அந்த வசனத்தைப் போட்டது மாசியில்.

"நீங்கள் ஆர்?" என்று கேட்டாள். "தகவல் தந்தவர் எண்டு போடவேணும்."

"நான் அவனோடை வேலை செய்தனான். ஜெனரேற்றர் பாத்தனான்." பிறகு அவனாகவே சொல்லத் தொடங்கினான். யாரிடமாவது சொல்லிவிடவேண்டும் என்று வைத்திருந்தது போல நிற்காமல் வந்தது. "அவன் ஒவ்வொரு நாளும் மத்தியானம் அந்தப் பக்கத்தைத் திறப்பான். அக்கா அடிச்சது எண்டு எங்களுக்கும் காட்டுவான். அவன் போனாப்பிறகு எனக்குப் பழக்கமாப் போச்சு, நானும் திறந்து பாக்கிறது. ஒரு நாள் கீழை அக்கா கேக்கிறன் எண்டு கிடந்துது. எழுதி அனுப்புவம் எண்டு எத்தினை தரம் இருந்தனான். கை வரேல்லை. சும்மா அழுத்திப் பாத்தனான். கவனமா இரு எண்டு வந்துது. அடுத்த நாள், நான் அழுத்தாமல் விட்டால் அவ என்ன நினைப்பா எண்டு யோசிச்சன். பிறகு விடேலாமல் போச்சு. கடைசியா டிஷ் உடைஞ்சுது. இல்லாட்டி அழுத்திக்கொண்டுதான் இருந்திருப்பன்."

பேஸ்மென்றுச் சூடாக்கி இரைந்துகொண்டிருந்தது. அண்ணை படியில் இறங்கி வந்தவர் பாதிப்படியில் நின்றுவிட்டார்.

"அந்த அக்காவுக்கு நீங்கள் சொல்லுவியளோ?" என்று அவன் கேட்டான். "நான்தான் அழுத்தினனான் எண்டு. என்னோடை கோவிப்பாவோ தெரியாது."

"சொல்லுறன்," என்றாள். "கோவிக்க மாட்டா."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம் தம்பி. எனக்கு அவவைத் தெரியும்."

அவனுடைய இலக்கத்தை வாங்கி எழுதிக்கொண்டாள். தொலைபேசியை வைக்கச் சொன்னாள். வைத்தான். நான் அவள் தோளைப் பிடித்தேன். அழுவாள் என்று நினைத்தேன், அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அந்தப் பொடியன் மீதும் எனக்குக் கோபம் வந்தது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கிட்டத்தட்ட மூன்று மாதம் அவளை அழுத்தி அழுத்தி உயிரோடு வைத்திருந்தவன் அவன். அதற்காகவே அவனை ஓங்கி அறையவேண்டும் போலவும் இருந்தது.

திரையில் பழைய எழுத்துருவில் தம்பியின் பெயரும் பிறந்த இடமும் கிடந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு எல்லாவற்றையும் அழித்தாள்.

"அக்கா, புதுசிலை எப்பிடி அடிக்கிறது எண்டு காட்டுங்கோ."

"இப்ப வேண்டாம் பிள்ளை. நான் அடிக்கிறன், நீர் இரும்."

"இல்லை, நான்தான் அடிக்கவேணும்," என்றாள். "பழசிலை போட்டு ஆர் பாக்கிறது? அங்கை இனி ஒருத்தரும் இல்லை."

யூனிகோட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். பழையதில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டும். புதியதில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. தம்பியின் பெயர் கொம்பு வைத்த எழுத்தில் தொடங்கும். அவள் பழக்கதோஷத்தில் கொம்பை அடித்தாள். அது ஒரு புள்ளி வட்டத்தோடு திரையில் தனியே நின்றது.

"எழுத்தை முதல் அடியும்," என்றேன்.

அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள். திரும்பவும் கொம்புதான் வந்தது. மூன்றாம் முறை என்னுடைய கையைப் பிடித்து அந்த எழுத்து விசையின் மேல் வைத்து, "நீங்கள் அதை அழுத்துங்கோ," என்றாள்.